பாவித்த கேடிஎச் வான், ஓட்டோ கியர்: திருகோணமலையில் வைத்து ஓட எடுக்கலாமா?

உப்புவெளி_வாசி

வணக்கம். ஒரு வான் பார்த்து வைத்திருக்கிறேன், முடிவெடுக்க முடியாமல் இருக்கிறது. டொயோட்டா கேடிஎச் 201, 2008 தயாரிப்பு, 3 லீட்டர் டீசல், நாலு கியர் ஓட்டோ. மீற்றர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. வைத்திருப்பவர் நிலாவெளியில் ஹோட்டல் ஆட்களை ஏற்றி இறக்கியவர். வெளியே நல்ல சுத்தம், ஏசி குளிர்கிறது. விலையை இங்கே எழுதவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை.

எனக்கு ஏன் ஓட்டோ என்றால், இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அநுராதபுரச் சந்தியில் மாட்டிக்கொண்டால் கிளச் மிதித்தே கால் வீங்கிவிடுகிறது. மனைவியும் ஓடப் பழக வேண்டும் என்கிறார். அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோகும் வேலையும் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சீசனில் கட்டுநாயக்கா எயார்போட் ஹயர் கிடைத்தால் அதையும் செய்யலாம்.

ஆனால் கேட்கிற எல்லோரும் "பழைய ஓட்டோவா, தொடாதே" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "பொக்ஸ் போனால் முடிஞ்சுது" என்பதோடு சரி. ஏறக்குறைய அதே காசுக்கு சாம்பல்தீவில் ஒரு மெனுவல் கேடிஎச்சும் நிற்கிறது. காரணத்தோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமம்_ஹயர்

அண்ணா, நான் ஹயர் ஓடுகிறவன், மெனுவல் என்றுதான் சொல்வேன். காரணம் கேட்டதால் எழுதுகிறேன்.

மெனுவல் வானில் கிளச் போனால் கந்தளாயிலும் செய்யலாம், ஹபரணையிலும் செய்யலாம். எந்தக் கராஜிலும் ஒரு பையன் கீழே படுத்து வேலையை முடித்துவிடுவான். ஓட்டோ கியர் பொக்ஸ் போனால் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் பாவித்த ஜப்பான் பொக்ஸ் தேடி, அதைப் பூட்டத் தெரிந்த ஆளையும் தேட வேண்டும். பூட்டிய பிறகும் அந்தப் பழைய பொக்ஸ் எவ்வளவு காலம் ஓடும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள்.

அடுத்தது, ரோட்டில் நின்றால் என்ன செய்வது? பற்றரி இறங்கிய மெனுவல் வானை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் எடுக்கலாம். ஓட்டோவைத் தள்ளி எடுக்க முடியாது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரவும் கூடாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே இரவில் யானை கடக்கிற ரோட்டில் குடும்பத்தோடு நின்று பாருங்கள், அப்போது தெரியும் நான் சொல்வது.

உங்கள் முழங்கால் விஷயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஹயருக்கும் சேர்த்து யோசிக்கிறீர்கள் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள்.

பாலையூற்று_டீச்சர்

தம்பி தம்பலகாமம், நீங்கள் சொல்வது ஹயர்காரரின் கணக்கு. கேட்டவர் முதலில் எழுதியது முழங்காலைப் பற்றி. ஒவ்வொரு சந்தியிலும் வலிக்கிற காலோடு ஓடுகிறவர் பிரேக்கில் கவனம் வைப்பாரா, கிளச்சில் வைப்பாரா? எனக்கு இது பாதுகாப்புப் பிரச்சினையாகத்தான் படுகிறது.

நான் ஓடுவது ஓட்டோ டவுன்ஏஸ் நோவா. ஓட்டோ பழகியதால்தான் வான் ஓடும் தைரியமே வந்தது. இவருடைய மனைவிக்கும் அது உதவும். கண்டி, நுவரெலியா பயப்பட வேண்டியதில்லை. ஏற்றத்தில் கை வைக்கவே தேவையில்லை. இறக்கத்தில்தான் பழக்கம் வேண்டும். ரம்பொடை இறக்கத்தில் லீவரை டி-யில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஓடி (ஓவர்டிரைவ், அதாவது மேல் கியர்) பட்டனை நிறுத்தி, செங்குத்தான இடத்தில் 2-க்கு இறக்கிவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டோவில் எஞ்சின் பிரேக் இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. இருக்கிறது, லீவரை நாம்தான் மாற்ற வேண்டும்.

பழுதாகாத வண்டி எதுவும் இல்லை. எந்த நிலையில் வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. அதைக் கிண்ணியா பாஸ் போன்றவர்கள் சொன்னால் நல்லது.

கிண்ணியா_பாஸ்

டீச்சர் கூப்பிட்டதால் வருகிறேன். பொக்ஸ் வேலை எனக்குப் பழக்கம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓட்டோவா மெனுவலா என்று பேசினால் இந்தக் கதை விடிய விடிய நடக்கும். தம்பி பார்க்க வேண்டியது இந்த ஒரு வானின் பொக்ஸ். டொயோட்டாவின் அந்த நாலு கியர் பொக்ஸ் உறுதியான சாமான். அதைக் கொல்வது பெரும்பாலும் சூடு. உள்ளே கியர் மாற்றித் தருவது கிளச் தட்டுகள், அந்தத் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஒயில் அழுத்தம். ஒயில் பழுதானால் தட்டு வழுக்கும். வழுக்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஒயில் இன்னும் கருகும். ஆகவே ஒயிலைப் பார்த்தால் பொக்ஸின் கதையில் பாதி தெரிந்துவிடும்.

நம்மூரில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பொக்ஸ் ஒயிலைக் குளிரவைக்கிற குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேதான் போகிறது. கடற்கரைப் பக்கக் கிணறுகளில் தண்ணி உவர். கூலண்ட் வாங்காமல் அந்தத் தண்ணியையே ரேடியேட்டருக்கு ஊற்றி ஓடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். உப்பு உள்ளே அரித்து அரித்து, ஒருநாள் தண்ணியும் ஒயிலும் ஒன்றாகிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கில் ரோஸ் பால் மாதிரி வரும். அப்படிக் கண்டால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வாருங்கள். தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் பொருள் தண்ணி பட்டால் உரிந்துவிடும், ஒயில் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதல்நாளே ஆளிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முன் சீற்றைத் தூக்கி எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலான என்-இலிருந்து டி-க்குப் போடுங்கள். வான் இலேசாக ஒரு தட்டுத் தட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு என்-இலிருந்து ரிவர்ஸான ஆர். டொயோட்டாவின் கணக்கு டி-க்கு 1.2 வினாடிக்குள், ஆர்-க்கு 1.5 வினாடிக்குள். இந்தக் கணக்கு எஞ்சின் சூடேறிய பிறகு பார்க்கிற கணக்கு, குளிரில் கொஞ்சம் தாமதித்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். ஆனால் போட்டுவிட்டு ஆள் கதைத்துக்கொண்டிருக்கிற நேரத்துக்குப் பிறகு பிடித்தால், அந்தப் பொக்ஸ் களைத்துவிட்டது.

அப்புறம் ஓட வேண்டும், நல்ல தூரம். டவுனுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதில் பிரயோசனம் இல்லை. பொக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கள்ளம் வெளியே வரும். கந்தளாய் வரை போய் வாருங்கள். 60, 70 வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது எஞ்சினையும் பொக்ஸையும் ஒயிலால் இணைக்கிற டோர்க் கன்வேட்டர் லொக் ஆகும், ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் உடம்பு நடுங்குகிற மாதிரி அதிர்வு வந்தால் கன்வேட்டர் அல்லது ஒயில். கியர் மாறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வான் ஏறாமல் நின்றால் தட்டு வழுக்குகிறது. திரும்பி வந்து சூட்டோடு மறுபடியும் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். காலையில் நல்லாப் பிடித்தது இப்போது தாமதித்தால் உள்ளே ரப்பர் சீல்கள் தேய்ந்துவிட்டன.

ஒயிலை அந்தச் சூட்டிலேயே பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட ஓட, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-யில் வைத்து டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பென்றால் மிக நல்லது. செம்மண் நிறம் வந்துவிட்டால் மாற்றும் காலம் தாண்டியது, அது ஒரு பெரிய குற்றமில்லை. கறுப்பாக, கருகல் வாடையோடு இருந்தால் வேண்டாம். சொட்டு பரவிய பிறகு டிஷ்யூவை வெயிலில் பிடித்துச் சரித்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் இரும்பு தேய்கிறது.

உப்புவெளி_வாசி

பாஸ், இவ்வளவு விபரம் யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி. மீற்றரை நம்பலாமா? ஹயர் ஓடிய வானுக்கு இது குறைவாகத் தெரிகிறதே.

கிண்ணியா_பாஸ்

மீற்றரை நம்பி ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீற்றின் ஓரம், இந்த மூன்றையும் பாருங்கள். பில் இருந்தால் பில்.

தம்பலகாமம்_ஹயர்

ஸ்டோல் டெஸ்ட் செய்யச் சொல்லவில்லையே பாஸ்? டி-யில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு அக்சிலேட்டரை அடிவரை அமுக்கினால் எத்தனை ஆர்பிஎம்மில் நிற்கிறது என்று தெரிந்துவிடுமே.

கிண்ணியா_பாஸ்

தெரியும்தான். ஆனால் அது கராஜில் செய்கிற வேலை. அந்த நேரம் எஞ்சினின் முழு பலமும் ஒயிலைச் சூடாக்குவதற்கே போகிறது, 5 வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிரேக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் முன்னால் நிற்கிற ஆளை இடிக்கும். வாங்காத, அடுத்தவன் வானில் அதைச் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மேலே சொன்ன ஓட்டமே போதும்.

இழுப்பது பற்றி நீங்கள் முன்பு எழுதியது முழுக்கச் சரி. ஓட்டோவில் ஒயில் பம்ப் எஞ்சினால் ஓடுகிறது. எஞ்சின் நின்று பின் சில்லு உருண்டால் பொக்ஸுக்குள் ஒயில் போகாது. பின் சில்லைத் தூக்கி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பின்னுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும்.

மூதூர்_டீசல்

எல்லோரும் பொக்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்கிறவன். 2008 கேடிஎச் 201 என்றால் உள்ளே இருப்பது 1கேடி எஞ்சின், 2982 சீசீ. இந்த வானை எடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது இன்ஜெக்டரைப் பற்றி.

அதில் இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. அது இறுக்கம் விட்டால் எரிந்த வாயு மேலே கசிந்து எஞ்சின் ஒயிலோடு சேர்ந்து கரியாகக் கட்டிவிடும். அந்தக் கரி கீழே ஒயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி, ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். வெளியே பார்த்தால் வான் நல்லாத்தான் ஓடும். ஒயில் மேலே போகாத அன்று எஞ்சின் இறுகிவிடும். ஓட்டோ பொக்ஸ் செலவை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்தச் செலவையும் ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். சாம்பல்தீவு மெனுவல் வானும் 3 லீட்டர் என்றால் அதற்கும் இதே கதைதான்.

பார்ப்பது கஷ்டமில்லை. குளிர் ஸ்டார்ட்டில் முதல் கொஞ்ச நேரம் நடுங்கி வெள்ளைப் புகை வருகிறதா பாருங்கள். ஐட்லில் எஞ்சின் ஒயில் மூடியைக் கழற்றி மேலே கையைப் பிடியுங்கள். நல்ல எஞ்சினில் இலேசான மூச்சுத்தான் இருக்கும். கையைத் தள்ளுகிற மாதிரி பொங்கினால் வாஷர் போயிருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று மேலதிக சோதனையில் தெரியும். சூடேறிய பிறகு ஐட்லில் ஒயில் விளக்கு சிமிட்டினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். இதில் இருப்பது செயின் அல்ல, பெல்ட். அறுந்தால் எஞ்சின் உள்ளேயே முட்டிக்கொள்ளும்.

ஸ்கார்புரோ_தமிழன்

உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கனடாவில். இங்கே ஓட்டோதான் எல்லோரிடமும். வாங்கினால் முதல் வேலையாக மெஷினில் கொடுத்து பொக்ஸ் ஒயிலை முழுக்க ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.

கிண்ணியா_பாஸ்

தம்பி, நேரத்துக்கு ஒயில் மாற்றிய வானுக்கு அது சரி. நெடுநாள் மாற்றாத பொக்ஸில் அழுத்தம் கொடுத்துக் கழுவினால் அடியில் படிந்த அழுக்கு கிளம்பி, ஒயிலைப் பிரித்து அனுப்புகிற வால்வ் பொடியின் நுண்ணிய வழிகளில் போய் மாட்டும். பழைய பொக்ஸ் என்றால் சம்ப்பைக் கழற்றி, வலையையும் இரும்புத் தூள் பிடிக்கிற காந்தத்தையும் துடைத்து, இறங்கிய அளவுக்குப் புது ஒயில் விடுவது நல்லது. கொஞ்ச காலம் ஓடிவிட்டு அதையே திரும்பச் செய்யலாம். எந்த ஒயில் என்று டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ இருக்கும். டைப் டீ-ஃபோர் என்றிருந்தால் அதையே விடுங்கள், டபிள்யூஎஸ் என்றிருந்தால் அதை. கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று தருவதை வாங்க வேண்டாம்.

கந்தளாய்_ரோட்

வண்டியைப் பார்ப்பது போலவே புத்தகத்தையும் பாருங்கள். சீஆர் எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனி பெயர் நின்றால், கணக்கு முடித்த கடிதம் வராமல் முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கை மாறி மாறி வந்த வானாக இருந்தால், பதிவில் இருக்கிற ஆள் நேரே வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கண்ணால் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடற்கரையில் ஓடிய வான், செசி நம்பர் அடித்த இடமே துருப்பிடித்திருக்கலாம்.

பதிவில் எத்தனை இருக்கை என்பதும் முக்கியம். டிரைவரோடு சேர்த்து ஒன்பதுக்கு மேல் என்றால் பீ வகுப்பு லைசன்ஸ் போதாது, டீ1 வேண்டும். உங்கள் மனைவி ஓடப் பழகுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

விலையைப் பொறுத்தவரை, 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தாலும் வரி அதிகம், பழைய வான்களின் விலை பெரிதாக இறங்கவில்லை. அதனால் "இதைவிட்டால் கிடைக்காது" என்று ஆள் அவசரப்படுத்துவார். அவசரப்பட வேண்டாம்.

உப்புவெளி_வாசி

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. டி உடனே பிடித்தது, ஆர்-உம் அப்படியே. கந்தளாய் வரை நானே ஓடினேன். சீனக்குடா தாண்டி நேர் ரோட்டில் 70-ல் பிடித்தபோது ஆர்பிஎம் முள் கொஞ்சம் கீழே இறங்கி அசையாமல் நின்றது. நடுக்கம் இல்லை. பொக்ஸில் பிழை இருந்தால் சிமிட்டுகிற ஓடி ஓஃப் விளக்கு எங்கும் சிமிட்டவில்லை. திரும்பி வந்து சூட்டில் ரிவர்ஸ் போட்டோம், காலையில் பிடித்த மாதிரியே பிடித்தது. டிஷ்யூவில் விட்ட சொட்டு செம்மண் நிறம், வாடை இல்லை, வெயிலில் பிடித்தும் மினுமினுப்பு இல்லை.

ஆனால் ரேடியேட்டர் தண்ணி வெறும் தண்ணி, துரு நிறம். குழாய்கள் பூட்டுகிற இடத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. மூதூர் அண்ணா சொன்னது போல ஒயில் மூடியைக் கழற்றிக் கை பிடித்தேன், மூச்சு நன்றாகவே தள்ளியது. குளிர் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நடுங்கியது, புகையும் இருந்தது. ஒயில் விளக்கு சிமிட்டவில்லை. இன்ஜெக்டர் செய்ததாக ஆள் சொல்கிறார், பில் இல்லை. பெல்ட் மாற்றிய பில் மட்டும் இருக்கிறது.

சாம்பல்தீவு மெனுவலையும் ஓடிப் பார்த்தேன். நல்ல வான். ஆனால் டவுனுக்குள் ஓடி முடிப்பதற்குள் முழங்கால் பதில் சொல்லிவிட்டது. அது எனக்கு இல்லை. மிச்சம் இந்த ஓட்டோவை எடுப்பதா, வேறு ஓட்டோ தேடுவதா என்பதுதான்.

கிண்ணியா_பாஸ்

பொக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது தம்பி. இந்த வயசில் இப்படிப் பிடிக்கிற பொக்ஸ் லேசில் கிடைக்காது. ரேடியேட்டரை நம்ப வேண்டாம், கழுவிப் பூட்டுவதும் வேண்டாம். புதிதாக மாற்றி, கூலண்ட் விட்டு ஓடுங்கள். அந்தச் செலவு விலையில் குறைய வேண்டும்.

மூதூர்_டீசல்

எஞ்சின் பக்கம் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. ஆளிடம் சொல்லி, காசு கொடுக்க முன் டீசல் கராஜ் ஒன்றில் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் அளவு (எரியாமல் திரும்பி வருகிற டீசல்) எடுங்கள், எஞ்சின் சம்ப்பையும் கழற்றி வலையைப் பாருங்கள். வலை சுத்தமாக இருந்தால் வாஷர் மாற்றுவதோடு தப்பிவிடும். வலையில் கரி அடைத்திருந்தால் அந்த வான் ஏற்கெனவே ஒயில் பட்டினியில் ஓடியிருக்கிறது, அப்போது பொக்ஸ் எவ்வளவு நல்லதென்றாலும் நான் விட்டுவிடுவேன். ஆள் சம்ப்பைக் கழற்ற மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுங்கள்.

தம்பலகாமம்_ஹயர்

அண்ணா, மெனுவலை ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. எடுத்தால் ஜம்பர் வயர் ஒன்று, நல்ல பற்றரி ஒன்று, வானை ஏற்றிப் போகிற லொறிக்காரரின் நம்பர் ஒன்று, இந்த மூன்றும் இல்லாமல் இரவில் ஹபரணை ரோட்டில் போக வேண்டாம்.

உப்புவெளி_வாசி

சம்ப் கழற்ற ஆள் சம்மதித்தார். வலையில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரி, நடுவெல்லாம் திறந்திருந்தது. படத்தை மூதூர் அண்ணாவுக்கு அனுப்பினேன், எடுக்கலாம் என்றார். இரண்டு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் அதிகம், மற்ற இரண்டும் அளவுக்குள். நாலு வாஷர், இரண்டு இன்ஜெக்டர் வேலை, ரேடியேட்டர், பொக்ஸ் ஒயில், இந்த மொத்தத்தையும் எழுதிக் காட்டினேன். முழுவதையும் குறைக்கவில்லை, பெரும்பகுதியைக் குறைத்தார். புத்தகத்தில் லீசிங் இல்லை, பதிவில் இருப்பவர் அவரேதான், இருக்கை ஒன்பது.

வானை எடுக்கிறேன். ரேடியேட்டரும் இன்ஜெக்டரும் முடிந்த பிறகுதான் அம்மாவோடு கண்டிக்கு. பாஸ், பொக்ஸ் சம்ப் கழற்றுகிற அன்று நானும் கராஜுக்கு வந்து நிற்கலாமா? காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிண்ணியா_பாஸ்

வாருங்கள் தம்பி. காலையில் வாருங்கள், ஒயில் இறங்க நேரம் எடுக்கும். பழைய ஒயில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துதான் புதியதை விடுவேன், அதனால் ஒயில் டின்னை முன்கூட்டித் திறக்க வேண்டாம்.